டொமைன் படுத்துவிட்டால் ஐபி முகவரி வழியாகத் தளத்தைத் திறப்பது எப்படி?

ஆடித் திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தோட்டத்துக் கோயில் தலைவர் என் கடைக்கு வந்தார். மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் கைப்பேசி, கணினி பழுதுபார்க்கும் சின்னக் கடை என்னுடையது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

"தம்பி, கோயில் பக்கத்தக் காணோம். நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு லா."

பார்த்தேன். அம்மன் படமும் உபயதாரர் பட்டியலும் இருக்க வேண்டிய இடத்தில், இந்தப் பெயர் காலாவதியாகிவிட்டது, வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு விளம்பரப் பக்கம் இருந்தது. பால்குடத்துக்குப் பதிந்த இருநூறு சொச்சம் பேரின் விவரம், அன்னதானத்துக்கு யார் எந்த நாள் என்ற கணக்கு, எல்லாமே அந்தத் தளத்துக்குள். வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை.

"எல்லாம் அழிஞ்சுபோச்சா?"

"ஒண்ணும் அழியல தலைவரே. பேருதான் போச்சு. வீடு அப்படியே இருக்கு."

அவர் நம்பவில்லை. அவரை நம்ப வைக்கச் சொன்னதையும், அதன்பிறகு செய்ததையும் இங்கே எழுதுகிறேன். வாட்சப் அனுப்பத் தெரிந்தவருக்கு இது புரியும்.

எங்கள் ஊருக்கு 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். பிறகு பெஸ்தாரி ஜெயா ஆனது. பெரியவர்கள் இன்னும் "பத்தாங்" என்றுதான் சொல்வார்கள். பெயர் மாறியதால் சிலாங்கூர் ஆறு ஒரு அடிகூட நகரவில்லை. அஞ்சல் குறியீடு அதே 45600தான். பக்கத்தில் தென்னமரம் என்றே ஒரு தோட்டம் உண்டு. பெயர் தென்னை, ஆனால் மலாயாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்டது அங்கேதான், 1917ல். பெயரை நம்பிப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு எங்கள் வட்டாரத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இணையத்தளமும் இப்படித்தான். நாம் தட்டும் பெயர், அதாவது எக்ஸாம்பிள்.காம் மாதிரி ஒன்று, அதுதான் டொமைன். அந்தப் பக்கங்கள் உண்மையில் குடியிருக்கும் கணினிக்கு சர்வர் என்று பெயர். அந்த சர்வரின் முகவரி ஓர் எண். அதுதான் ஐபி முகவரி: 203.0.113.25 என்பது போல, புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255க்குள். (இந்த எண்ணும் எக்ஸாம்பிள்.காம் என்ற பெயரும் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டவை. தட்டிப் பார்த்தால் கோயில் வராது.)

புதியவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பெயருக்கும் வீட்டுக்கும் வாடகை தனித்தனி. பெயரை ஒரு நிறுவனத்திடம் ஆண்டுக் கணக்கில் எடுத்திருப்பார்கள். சர்வரை வேறொரு நிறுவனத்திடம் மாதக் கணக்கிலோ ஆண்டுக் கணக்கிலோ எடுத்திருப்பார்கள். ஒன்றுக்குக் கட்ட மறந்தால் இன்னொன்று சாவதில்லை. எங்கள் கோயில் தளத்தைச் செய்து கொடுத்தவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பையன், இப்போது ஜொகூரில் வேலை. சர்வருக்கு டிசம்பர் வரை கட்டியிருந்தார். டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்களெல்லாம், அவர் படிக்கும் காலத்தில் வைத்திருந்து பிறகு திறந்தே பார்க்காத பழைய முகவரிக்குப் போயிருக்கின்றன.

சரி, பெயரைத் தட்டினால் எண் எப்படிக் கிடைக்கிறது? ஆரம்ப காலத்தில் இணையத்தோடு இணைந்த கணினிகள் சில நூறுதான். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். எல்லாரும் அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணியின் பேர் நோட்டு மாதிரி. கணினிகள் பெருகப் பெருக நோட்டு தாங்கவில்லை. 1983ல் பால் மொகபெட்ரிஸ் என்பவர் அந்த ஒற்றை நோட்டை உலகம் முழுக்கப் பிரித்துக் கொடுக்கும் முறை ஒன்றை வகுத்தார். அதுதான் டிஎன்எஸ். அந்தப் பழைய நோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது இன்னும் உங்கள் கணினிக்குள் இருக்கிறது. பிறகு அதற்கு வேலை வரும்.

இன்று நீங்கள் எக்ஸாம்பிள்.காம் என்று தட்டியதும் உங்கள் கைப்பேசி முதலில் இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். அதற்குத் தெரியாவிட்டால் அது வேர் சர்வர்களிடம் போகும். ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் அவை இருக்கின்றன. வேர் சர்வர் ".காம் விவகாரமா, அவர்களிடம் கேள்" என்று அனுப்பும். .காம் பட்டியலை வைத்திருப்பவர் "இந்தப் பெயருக்கு இன்னார்தான் பொறுப்பு" என்று காட்டுவார். அந்தப் பொறுப்பாளர்தான் கடைசியாக எண்ணைச் சொல்வார். நம் நாட்டின் .மை பெயர்களாக இருந்தால், அந்த .காம் பட்டியல்காரர் இடத்தில் .மை பட்டியலை வைத்திருக்கும் மைநிக் நிறுவனம் இருக்கும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். கிடைத்த பதிலைக் கொஞ்ச நேரம் எல்லாரும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வார்கள், ஒவ்வொரு முறையும் அலைய வேண்டாம் என்பதற்காக.

டொமைன் காலாவதியானால் இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணிதான் மாறுகிறது. பெயரைப் பதிந்து கொடுத்த நிறுவனம், பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் சர்வரை வைத்துவிடும். அது தன் விளம்பரப் பக்கத்தின் எண்ணைச் சொல்லும். தலைவர் பார்த்த பக்கம் அதுதான். கோயில் தளம் இருந்த சர்வருக்கு இதெதுவும் தெரியாது. யாரும் வராததால் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் எண்ணை நேரடியாகத் தட்டினால் போய்விடலாமே? போகலாம். நீங்களே பலமுறை போயிருப்பீர்கள். வீட்டு வைஃபை ரகசியச்சொல்லை மாற்ற 192.168.1.1 என்று தட்டி ரௌட்டர் பக்கத்தைத் திறந்ததில்லையா? பெயர் இல்லை, டிஎன்எஸ் இல்லை, எண்ணைக் கொடுத்தோம், கதவு திறந்தது. அதே வேலைதான்.

ஆனால் எண்ணைத் தேடி ஓடுவதற்கு முன்னால், உண்மையில் எது படுத்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இதை நான் கடுமையாகவே சொல்வேன், ஏனென்றால் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் "லைன் இல்ல" என்ற ஒரே வார்த்தையில் எல்லா நோயையும் அடக்கிவிடுவார்கள். பிரவுசர் என்ன சொல்கிறது என்று படியுங்கள். என்எக்ஸ்டொமைன் என்று முடியும் பிழை வந்தால் பெயரே கிடைக்கவில்லை என்று பொருள். விளம்பரப் பக்கம் வந்தால் பெயர் வேறு கைக்குப் போயிருக்கிறது. இந்த இரண்டிலும் ஐபி முகவரி உதவும். ரொம்ப நேரம் சுற்றிவிட்டு டைம்ட் அவுட் என்று வந்தால் பெயர் சரி, சர்வர் பதில் சொல்லவில்லை. 500, 503 என்ற எண்கள் வந்தால் சர்வர் உயிரோடு இருக்கிறது, உள்ளே ஏதோ கோளாறு. இவற்றில் எண்ணைத் தட்டியும் பயனில்லை, பூட்டிய வீட்டுக்குக் குறுக்கு வழியில் போன கதைதான்.

இரண்டு பெரிய சம்பவங்களை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற அமெரிக்க டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை பலருக்குத் திறக்கவில்லை. அவர்களுடைய சர்வர்கள் நன்றாகத்தான் இருந்தன. பெயரை எண்ணாக மாற்றித் தர ஆள் இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்சப்பும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போனபோதும் வெளியில் தெரிந்தது டிஎன்எஸ் பிழைதான். ஆனால் அங்கே அவர்களின் வலையமைப்புக்குப் போகும் பாதை விவரமே இணையத்திலிருந்து விலகிவிட்டிருந்தது. ஊருக்குப் போகும் சாலையே வரைபடத்தில் இல்லாதபோது வீட்டு எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொரு சாத்தியமும் உண்டு. தளமும் சரி, டொமைனும் சரி, உங்கள் இணையச் சேவையின் டிஎன்எஸ் மட்டும் தூங்குகிறது. வைஃபையை அணைத்துவிட்டு கைப்பேசி டேட்டாவில் திறந்து பாருங்கள். அதில் வந்தால் இதுதான் காரணமாக இருக்கலாம். அப்போது ஐபி தேட வேண்டியதில்லை, கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற பொது டிஎன்எஸ்ஸை அமைப்பில் போட்டுக்கொண்டால் போதும். 2024 செப்டம்பரில், இப்படி வெளி டிஎன்எஸ்ஸுக்குப் போகும் கேள்விகளை உள்நாட்டு நிறுவனங்களின் டிஎன்எஸ்ஸுக்கே திருப்பிவிட வேண்டும் என்று நம் நாட்டில் ஓர் உத்தரவு வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே கைவிடப்பட்டது. அந்த வாரம்தான் டிஎன்எஸ் என்ற சொல் எங்கள் ஊர்க் கோப்பிக்கடை மேசை வரைக்கும் வந்தது.

கோயில் விஷயத்துக்கு வருவோம். நோய் தெரிந்துவிட்டது: பெயர் காலாவதி, சர்வர் உயிரோடு. இனி பழைய எண் வேண்டும். இங்கே புதியவர்கள் விழும் ஒரு குழி இருக்கிறது. எண்ணைக் கண்டுபிடிக்க, விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் கறுப்புப் பெட்டியான கமாண்ட் பிராம்ப்டில் என்எஸ்லுக்அப் என்று தட்டி, இடைவெளி விட்டு, டொமைன் பெயரைக் கொடுக்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். டொமைன் நன்றாக இருக்கும் நாளில் அது சரி. காலாவதியான பிறகு கேட்டால் விளம்பரப் பக்கத்தின் எண்ணைத்தான் கொடுக்கும். அதை நம்பி ஏறினால் போன இடத்துக்கே திரும்பப் போவோம். பழைய எண் கிடைக்கக்கூடிய இடங்கள் வேறு: சர்வர் வாடகைக்கு எடுத்தபோது வந்த முதல் மின்னஞ்சல், சர்வர் நிறுவனத்தின் கணக்குப் பக்கம், அல்லது டொமைன்களின் பழைய டிஎன்எஸ் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் தளங்கள். நாங்கள் பார்த்த வழி சுருக்கமானது. தலைவர் ஜொகூருக்குப் போன் போட்டார்.

"டேய் தம்பி, நீ செஞ்ச வேலை இப்ப திருவிழா நேரத்துல கால வாருதுடா. இரு, கடைத் தம்பிகிட்ட பேசு."

ஐந்து நிமிடத்தில் வாட்சப்பில் எண் வந்தது. இந்தக் கட்டுரைக்கு அதை 203.0.113.25 என்றே வைத்துக்கொள்வோம். பிரவுசரின் முகவரிப் பட்டையில் எண்ணைத் தட்டி என்டர் அடித்தேன். தலைவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

வாழையிலையில் சோறு, மூன்று வகைப் பொரியல், பக்கத்தில் கோழிப் பிரட்டல்.

"இது யாரு கடை தம்பி? விரத நாள்ல கோழியக் காட்டுற?"

கேட்டரிங் நடத்தும் ஒருவரின் தளம் அது. எண் தப்பில்லை. சரியான வீட்டுக்குத்தான் வந்திருந்தோம். ஆனால் அந்த வீட்டில் குடியிருப்பது ஒரு குடும்பம் இல்லை. பையன் ஒரே சர்வரில் ஐந்து பேருக்குத் தளம் வைத்துக் கொடுத்திருக்கிறான். பெயர் சொல்லாமல் கதவைத் தட்டினால், வரிசையில் முதலில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார்.

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டாம். அந்தக் காலத்தில் நமக்கு வந்த கடிதங்கள் எங்கே வரும்? வீட்டுக்கா வரும்? தோட்டத்து ஆபீசுக்கு வரும். தோட்டம் முழுக்க ஒரே முகவரி. கிராணி கட்டைப் பிரித்து, உறை மேல் எழுதியிருக்கும் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். முகவரி சரியாக இருந்து பெயர் மட்டும் இல்லாத கடிதம் வந்தால், ஆபீஸ் வரை வந்துவிடும், அதற்குமேல் ஒரு அடி நகராது. ஐபி முகவரி உங்களை ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் விடும். உள்ளே யாருக்கு என்று சொல்வது பெயர்தான்.

பிரவுசர் ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் பேசும்போது, "எனக்கு இன்ன பெயருள்ள தளம் வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தே அனுப்புகிறது. அந்த வரிக்கு ஹோஸ்ட் என்று பெயர். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்டிடிபி என்று பெயர். 1997ல் வந்த அதன் 1.1 விதிமுறையிலிருந்து அந்த வரி கட்டாயம். நான்கு எண் முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். தளத்துக்கு ஒன்று என்று வாரிக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே ஒரே எண்ணில் நூற்றுக்கணக்கான தளங்களைக் குடிவைக்கும் வழக்கம் வந்தது. நீங்கள் எண்ணைத் தட்டினால் பிரவுசர் ஹோஸ்ட் வரியிலும் அந்த எண்ணையே எழுதி அனுப்புகிறது. கிராணிக்கு அது யார் பெயர் என்று தெரியாது. அதனால்தான் கோழிப் பிரட்டல்.

பூட்டுப் படம் போட்ட எச்டிடிபிஎஸ் இணைப்பில் இன்னொரு சிக்கலும் சேரும். சர்வர் முதலில் தன் சான்றிதழைக் காட்டும், நாம் ஐசி, அதாவது அடையாள அட்டை, காட்டுவது மாதிரி. அதில் டொமைன் பெயர் இருக்கும். நீங்கள் வந்ததோ எண்ணைச் சொல்லி. ஐசியில் வேறு பெயர் இருப்பதைப் பார்த்ததும் பிரவுசர் இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சிவப்பாகக் கத்தும். 1.1.1.1 போல எண்ணையே சான்றிதழில் வாங்கி வைத்திருக்கும் இடங்கள் உண்டு, ஆனால் சாதாரணத் தளங்களில் அதை எதிர்பார்க்க முடியாது. எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போக ஒரு பொத்தான் இருக்கும். பார்ப்பதற்கு மட்டும் என்றால் போகலாம். அந்தப் பக்கத்தில் ரகசியச்சொல் மட்டும் தட்டாதீர்கள். வாடகை சர்வர்களில் ஒருவர் காலி செய்த எண் நாளைக்கே இன்னொருவருக்குப் போகும். கதவுக்குப் பின்னால் இருப்பது யார் என்று உங்களுக்குத் தெரியாது.

கிளவுட்ஃபிளேர் போன்ற இடைத்தரகர் வழியாக ஓடும் தளமாக இருந்தால் கதை இன்னும் சுருக்கம். வெளியே தெரியும் எண் தளத்தினுடையது இல்லை, இடைத்தரகருடையது. தட்டினால் நேரடியாக ஐபி வழியே வர அனுமதியில்லை என்று 1003 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பிவிடும்.

எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்களுக்கு வேண்டியது, எண்ணையும் பெயரையும் சேர்த்தே கொடுக்கும் வழி. உறையில் முகவரியும் இருக்க வேண்டும், ஆள் பெயரும் இருக்க வேண்டும். டிஎன்எஸ்ஸைக் கேட்காமல், "இந்தப் பெயருக்கு இந்த எண்" என்று கணினிக்கு நாமே சொல்லிவிட்டால் முடிந்தது. மேலே சொன்ன அந்தப் பழைய நோட்டு இங்கேதான் வருகிறது. டிஎன்எஸ் வந்து நாற்பது ஆண்டு தாண்டியும் ஒவ்வொரு கணினியிலும் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. வழக்கமாக, டிஎன்எஸ்ஸிடம் போவதற்கு முன் கணினி அதைத்தான் புரட்டிப் பார்க்கும். அதில் இருந்தால் வெளியே கேட்காது.

விண்டோஸில் அது சி டிரைவில் விண்டோஸ் என்ற ஃபோல்டருக்குள், சிஸ்டம்32க்குள், டிரைவர்ஸ் என்பதற்குள், இடிசி என்ற ஃபோல்டரில் இருக்கும். மேக்கிலும் லினக்ஸிலும் இடிசிக்குள்ளேயே நேராக இருக்கும். சும்மா திறந்து திருத்தினால் சேமிக்க விடாது. நோட்பேடின் மேல் வலது கிளிக் செய்து, ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று திறந்து, பிறகு அதற்குள்ளிருந்து ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறக்க வேண்டும். திறக்கும் பெட்டியில் கோப்பு தெரியாது, ஏனென்றால் நோட்பேட் டெக்ஸ்ட் கோப்புகளை மட்டும் காட்டும். கீழே ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றினால் தெரியும். கடைசி வரிக்குக் கீழே புது வரியில் முதலில் எண், ஓர் இடைவெளி, அப்புறம் பெயர்:

203.0.113.25 எக்ஸாம்பிள்.காம்

பெயருக்கு முன்னால் மூன்று டபிள்யூ போட்டும் தளம் இயங்கினால், அந்த வடிவத்துக்கும் இன்னொரு வரி. கணினியில் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. சேமிக்கும்போது கோப்பின் பெயருக்குப் பின்னால் .டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொண்டால் கணினி அதைக் கண்டுகொள்ளாது, நீங்கள் அரை மணி நேரம் தலையைச் சொறிவீர்கள். முதல் தடவை நான் ஒரு மணி நேரம் சொறிந்தேன். கடைசியாகக் கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக், இடைவெளி, சாய்கோடு, ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று தட்டினால் பழைய ஞாபகத்தைக் கணினி துடைத்துவிடும். பிரவுசரை மூடித் திறந்துவிட்டு, வழக்கம்போல் பெயரையே தட்ட வேண்டும். எண்ணை அல்ல.

தட்டினேன். அம்மன் வந்தாள். பூட்டுப் படம்கூடச் சரியாக இருந்தது, ஏனென்றால் சான்றிதழில் இருந்த பெயரும் நாங்கள் கேட்ட பெயரும் ஒன்றுதான், சான்றிதழுக்கும் இன்னும் நாள் இருந்தது. தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திரைக்கா, என் திறமைக்கா என்று கேட்கவில்லை. நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்து பால்குடப் பட்டியலை இறக்கி, அச்சடித்து, கையில் கொடுத்தேன். ஏழு தாள். அதோடு பென்டிரைவிலும் ஒரு பிரதி.

"சரி தம்பி, அப்படியே என் போன்லயும் போட்டு விடு."

அதுதான் முடியாது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஹோஸ்ட்ஸ் கோப்பைச் சாதாரணமாகத் தொட விடமாட்டார்கள். அது மட்டுமில்லை, இந்த வித்தை செய்த கணினியில் மட்டும்தான் பலிக்கும். என் கடைக் கணினிக்கு வழி தெரியும். லயத்தில் இருக்கும் அக்காவுக்கும், கிள்ளானிலிருந்து வரும் உபயதாரருக்கும் இன்னும் விளம்பரப் பக்கம்தான் தெரியும். ஊருக்கே இந்த எண்ணைச் சொல்லிக் கோப்பைத் திருத்தச் சொல்வது நடக்கிற காரியமா? தரவை மீட்க, தளம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, புது சர்வருக்கு மாறும் முன் சோதிக்க, இதற்கெல்லாம் இது நல்ல வழி. மற்றவர்களுக்கு டொமைனைப் புதுப்பிப்பதுதான் ஒரே வழி. கோயில் முகவரிக்கு வரும் மின்னஞ்சலுக்கும் அதே கதிதான். அஞ்சலை எங்கே கொண்டு சேர்ப்பது என்ற விவரமும் டிஎன்எஸ்ஸில்தான் இருப்பதால் டொமைனோடு அதுவும் நின்றுவிடும். எண்ணைத் தட்டி மின்னஞ்சலை வரவழைக்க முடியாது.

நல்லவேளை, காலாவதியான மறுநாளே பெயரை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. .காம் பெயருக்குப் பொதுவாக 45 நாள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க இடம் தருவார்கள். எத்தனை நாள் என்பது பதிந்த நிறுவனத்தைப் பொறுத்தது. அதைத் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், கட்டணம் பல மடங்கு. அதற்கும் பிறகு 5 நாள் கழித்துப் பெயர் சந்தைக்கு வந்துவிடும், முந்துபவருக்குச் சொந்தம். தலைவர் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதற்காக ஒரு கதை சொன்னேன். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் பாஸ்போர்ட்.காம் என்ற தன் டொமைனைப் புதுப்பிக்க மறந்துவிட்டது. ஹாட்மெயிலுக்குள் நுழைய அந்தப் பெயர் வேண்டும், ஆகவே பலருக்கு ஹாட்மெயில் திறக்கவில்லை. கடைசியில் லினக்ஸ் நிரலாளர் ஒருவர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிப் புதுப்பித்துக் கொடுத்தார்.

"அவ்வளவு பெரிய கம்பெனியேவா?" என்றவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

பையன் அன்று இரவே பணம் கட்டினான், அறுபது வெள்ளி (ரிங்கிட்) சொச்சம். அடுத்த முறை அறிவிப்பு கோயில் செயலாளரின் மின்னஞ்சலுக்கும் போகும்படி மாற்றச் சொன்னேன். மறுநாள் காலை தலைவர் மறுபடியும் கடை வாசலில். இந்தத் தடவை ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தார்.

"தம்பி, வீட்டுல உங்க அண்ணி போன்ல வந்துருச்சு. என் போன்ல இன்னும் அந்த விளம்பரம்தான் நிக்குது. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

பாவமில்லை, ஞாபகம். வழியில் இருக்கும் டிஎன்எஸ் சர்வர்கள் கிடைத்த பதிலைச் சேமித்து வைக்கும் என்றேன் இல்லையா? எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதும் பதிலோடு சேர்ந்தே வரும். .காம் பட்டியலில் யார் பொறுப்பாளர் என்ற தகவலுக்கு அது 172800 வினாடி, அதாவது இரண்டு நாள். அண்ணியின் சிம் வேறு நிறுவனம், இவருடையது வேறு. ஒரு நிறுவனத்தின் டிஎன்எஸ் பழையதை மறந்து புதிதாகக் கேட்டுவிட்டது, மற்றது இன்னும் பழைய பதிலையே ஒப்பித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள் என்று அனுப்பினேன்.

அவர் போனதும் கடைக் கணினியில் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து அந்த வரியை அழித்தேன். முன்பொரு தடவை வேறொரு தளத்துக்காக இப்படி எழுதிவிட்டு அழிக்க மறந்து, அந்தத் தளம் புது சர்வருக்கு மாறிய பிறகும் மூன்று மாதம் பழைய பக்கத்தையே பார்த்துக்கொண்டு, அதன் சொந்தக்காரரிடம் "நீங்கள் எதையும் மாற்றவே இல்லையே" என்று சண்டை போட்டவன் நான்.